மகள் வீட்டு ஹீட் பம்பும் திருநகர் வீட்டு ஈபி பில்லும்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மதுரை திருநகரில் 1994-இல் கட்டிய மாடி வீடு. மாமியார், கணவர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான் என ஏழு பேர் இருக்கிறோம். மகள் இங்கிலாந்தில், லெஸ்டரில். போன வருஷம் அவள் வீட்டில் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்தார்கள். அரசாங்கமே 7,500 பவுண்டு கொடுத்ததாம். "நம்ம வீட்டிலும் வைங்கம்மா, கரண்ட் பில் பாதியாகிவிடும்" என்கிறாள். இங்கே விசாரித்ததில் ஒரு டீலர் நேரில் வந்து பார்த்துவிட்டு, 300 லிட்டர் ஹீட் பம்ப்புக்கு 1,65,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தார். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும், 40,000 அட்வான்ஸ் கொடுத்தால் உடனே பதிந்துவிடலாம் என்கிறார். கணவருக்கு மூட்டுவலி. வருஷம் முழுக்க வெந்நீர்தான். அவருக்காக 25 லிட்டர் கீசர் எப்போதும் ஆனிலேயே இருக்கும். மாடியில் இரண்டு சின்ன கீசர்கள், இரண்டு பழைய ஏசி. போர் தண்ணீர். டிசம்பர்-ஜனவரி பில் 560 யூனிட், ஏப்ரல்-மே பில் 1,150 யூனிட். ஈபி கார்டு இன்னும் காலமான மாமனார் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஹீட் பம்ப் ஏற்றதா? மானியம் உண்மையா?

பதில்:

டீச்சர், முதலில் அந்த 40,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

78,000 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது வேறு பொருளுடையது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், வீட்டு மொட்டைமாடியில் மின்சாரம் தயாரிக்கும் சோலார் பேனல் வைத்தால் கிடைக்கும் அதிகபட்ச மானியம் அது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் அதே தொகைதான். வீட்டுக்கு வெந்நீர் ஹீட் பம்ப் வாங்குகிறவருக்கு மத்திய அரசும் தருவதில்லை, மாநில அரசும் தருவதில்லை. உங்கள் டீலர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் சொல்ல முடியாது. எதற்கும், "மானியம் எந்தத் திட்டத்தின் கீழ், யார் கணக்கில் வரும் என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் அவர் போன் எடுத்தால் ஆச்சரியம்தான்.

சரி, மானியம் இல்லாவிட்டால் போகட்டும், பொருள் நல்லதா என்று கேட்பீர்கள். நல்ல பொருள்தான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஓடுகின்றன. மாடியில் இருக்கும் ஏசி இருக்கிறதே, அதுவும் ஹீட் பம்ப்தான். அறையின் சூட்டை உறிஞ்சி மொட்டைமாடியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெந்நீர் ஹீட் பம்ப் அதே கம்ப்ரசர் வேலையைத் திருப்பிச் செய்கிறது: வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தொட்டித் தண்ணீரில் கொட்டுகிறது. கீசரின் காயில் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் செலவழித்து மூன்று யூனிட், நல்ல நாளில் அதற்கு மேலும் தரும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு சுலபம் அதற்கு. மார்கழி விடியலிலும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கிற மதுரைக் காற்று அதற்குக் கல்யாணச் சாப்பாடு. ஆகவே "மதுரைக்கு ஒத்துவருமா" என்று கேட்டால், லெஸ்டரைவிட நன்றாகவே ஒத்துவரும்.

ஆனால் உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. அதற்கு வெந்நீர்க் கணக்குப் போட வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. 860 கிலோ கலோரி சேர்ந்தால் ஒரு யூனிட் மின்சாரம். மார்கழியில் மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைப்போம். குளிக்க 40 டிகிரி போதும். ஒருவர் ஒன்றரை வாளி, அதாவது 30 லிட்டர் குளித்தால் 30-ஐப் பதினைந்தால் பெருக்கி 450 கிலோ கலோரி, ஏறக்குறைய அரை யூனிட். ஏழு பேருக்கு நாளுக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 210. ஹீட் பம்ப் வைத்தால் இது 70 ஆகும். 140 யூனிட் மிச்சம். நல்ல மிச்சம்தான், ஆனால் எத்தனை பில்லில்? பங்குனி பிறந்துவிட்டால் உங்கள் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியே கீசராகிவிடும். மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கையைச் சுடுமே! எல்லாரும் வெந்நீர் கேட்பது கார்த்திகையிலிருந்து மாசி வரை, அதாவது இரண்டு பில். மற்ற நான்கு பில்லிலும் சார், அதாவது உங்கள் கணவர் ஒருவருக்கு மட்டும். தாராளமாகவே போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சப்படாது. 1,65,000 ரூபாய் திரும்பி வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த இயந்திரத்துக்கு ஆயுள் நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து வருஷம்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பயமுறுத்துகிற பில் எது? ஏப்ரல்-மே, 1,150 யூனிட். அந்த மாதங்களில் சார் தவிர யாராவது வெந்நீரில் குளிக்கிறீர்களா? கீசருக்கு வேலையே இல்லாத காலத்தில் பில் இரட்டிப்பாகிறது என்றால், காரணம் வெந்நீரில்லை, அந்த இரண்டு பழைய ஏசிகள். நாளுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் அவை மட்டுமே தின்கின்றன. ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு யூனிட்டும் பதினோரு ரூபாய்க்கு மேல். எவ்வளவு உயர்ந்த ஹீட் பம்ப்பை வாங்கி வைத்தாலும் அந்தப் பில்லில் அது கை வைக்காது.

டிசம்பர்-ஜனவரி பில்லுக்கு வருவோம். 560. இதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நம் ஊர்க் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் இருந்தால் இரண்டாவது நூறு யூனிட் மிக மலிவு. கோட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல். நீங்கள் வெறும் 60 யூனிட் குறைத்தால் பில் எழுநூறு ரூபாய்க்கு மேல் குறையும். அந்த 60 யூனிட் எங்கே இருக்கிறது தெரியுமா? சாருடைய 25 லிட்டர் கீசரில். பழைய கீசர் நாள் முழுக்க ஆனில் கிடந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் சூடு கசிந்து, மறுபடி சூடாக்கி, மறுபடி கசிந்து ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வீணாக்கும். இரண்டு மாதத்துக்கு அறுபது.

ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த கீசருக்கு ஒரு டைமர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரத்துக்குள் முடியும். கீசரின் பவருக்கு ஏற்ற, 16 ஆம்பியர் தாங்குகிற டைமராக இருக்கட்டும். சார் காலை ஆறு மணிக்குக் குளிப்பார் என்றால் ஐந்தரைக்கு ஆன், ஆறரைக்கு ஆஃப். சாயங்காலம் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பார் என்றால் அதற்கும் அரை மணி நேரம். தெர்மோஸ்டாட் 70-இல் நின்றால் 50-55-க்கு இறக்கச் சொல்லுங்கள். சாரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்.

கடையில் சொல்கிறார்களே, சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால் என்ன என்றும் தோன்றலாம். விலை ஹீட் பம்ப்பில் கால்வாசி. அதற்கிருந்த மத்திய மானியம் நிறுத்தப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கண்ணாடிக் குழாய் மாடல்களில் திருநகர் போர் தண்ணீர் ஓடினால் சில வருஷத்தில் உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் படிந்துவிடும். அதைவிட, நமக்கு வெந்நீர் வேண்டிய கார்த்திகையில்தான் வானம் மூடிக்கிடக்கும். வெயில் கொளுத்தும் சித்திரையில் அதன் வெந்நீரை யார் கேட்டார்கள்? இந்த ஒரு விஷயத்தில் ஹீட் பம்ப் நிச்சயம் மேல். மழையோ இருட்டோ அதற்குக் கவலையில்லை.

இவ்வளவு சொன்னபிறகும், "காசு போனால் போகட்டும், மகள் ஆசைப்படுகிறாள்" என்று வைப்பதாக இருந்தால் நான் எதையெதைப் பார்ப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். 300 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய நானூறு கிலோ. மொட்டைமாடியில் கண்ட இடத்தில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேல் நிறுத்த வேண்டும். உங்கள் வீடு கான்கிரீட் தளம்தான் என்பதால் பிழைத்தீர்கள். மாசி வீதிப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய தள வீடுகளில், நான் இதற்குச் சம்மதிக்கவே மாட்டேன். அப்புறம் குழாய். மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்குப் பதினைந்து மீட்டர் ஓட்டம் என்றால், அரை அங்குலக் குழாயிலேயே இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். ஏழு பேர் ஏழு நேரத்தில் குளிக்கிற வீட்டில் அந்தச் சூடெல்லாம் குழாயிலேயே ஆறிப்போகும். 1994-இல் போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இன்னும் இருக்கிறதென்றால் அதன் உட்புறம் இப்போது பேனா பருமன்தான் மிச்சமிருக்கும். முதலில் குழாயை மாற்ற வேண்டும்.

தண்ணீர் உப்பு இன்னொரு தலைவலி. உங்கள் வாளியிலும் மக்கிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா? இருந்தால் தொட்டிக்குள்ளும் அதுவே நடக்கும், சூடு ஏற ஏற வேகமாக. 50-55 டிகிரியில் ஓட்டினால் படிவு குறையும். வாரம் ஒருமுறை கிருமிக்காக 60-க்கு ஏற்றிவிட வேண்டும். தொட்டிக்குள் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். போர் தண்ணீரில் அதை வருஷம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கரைந்துபோனால் அடுத்து கரைவது தொட்டி. விற்கிறவர்கள் இந்தக் கம்பியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இடத்தைப் பற்றி என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில், வெயில் மழை படாமல் இருக்கட்டுமே என்று ஹீட் பம்ப்பை மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறைக்குள் வைத்தேன். காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு குளிர்ந்த காற்றை அதே அறைக்குள் துப்பியது. அந்தக் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்தது. பத்து நாளில் வீட்டுக்காரர் போன் செய்தார்: "வெந்நீர் வரலை சார், ஆனா ரூம் ஊட்டி மாதிரி இருக்கு, தக்காளி, கத்திரிக்காயெல்லாம் அங்கதான் வைக்கிறோம்." என் செலவில் மொட்டைமாடிக்கு மாற்றிக் கொடுத்தேன். திறந்த இடம் வேண்டும். ஏசி போலவே தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு வடிகுழாய் வேண்டும். கொஞ்சம் இரையும், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

அப்படியானால் லெஸ்டரில் மட்டும் ஏன் அரசாங்கமே பணம் கொடுக்கிறது? அவர்களுக்கு அது குளிக்கிற தண்ணீர் விவகாரம் மட்டும் இல்லை, டீச்சர். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் எரிவாயுவில்தான் செய்கிறார்கள். அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், நடுத்தர வீடு ஒன்றின் எரிவாயுச் செலவு என்று 2023-இல் எடுத்துக்கொண்ட அளவு வருஷத்துக்கு 11,500 யூனிட். உங்கள் வீட்டு வெந்நீர் வருஷம் முழுக்கச் சேர்த்தும் அறுநூறு யூனிட்டைத் தொடாது. அந்த எரிவாயுப் புகையைக் குறைக்கத்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் பாய்லர் மாற்றும் திட்டம் வந்தது. முதலில் 5,000 பவுண்டு. 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். அதுவும் வீட்டுக்காரர் கைக்கு வருவதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் விண்ணப்பித்து, பில்லில் கழித்துக்கொள்ளும். மகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த 7,500 பவுண்டை அவள் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள்.

அங்கே வீடு ஏற்றதா என்று பார்க்கிறவர் முதலில் கூரையையும் சுவரையும்தான் பார்ப்பார். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறதா என்பது அவர் கேள்வி. ஹீட் பம்ப் பாய்லரைப் போலக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அனுப்பாது, மிதமான சூட்டில் நாள் முழுக்க அனுப்பும். அதனால் சில அறைகளில் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், வெந்நீர்த் தொட்டிக்கும் வீட்டுக்குள் இடம் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும்: வெளியே இருக்கிற சூடு உள்ளே வருகிறதா? மாடி அறைக்கு நேர் மேலே வெறும் தளம் என்றால், பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கு உங்கள் தலையில் இறக்கும். ஏசி அதனோடுதான் மல்லுக்கட்டுகிறது. மாசியில் மொட்டைமாடியைக் கழுவி வெள்ளை அடித்துவிடுங்கள், சுண்ணாம்பே போதும். அறைச் சூடு ஓரிரு டிகிரியாவது இறங்கும்.

இப்போது அந்த 78,000-க்கு வருகிறேன். ஏனென்றால் அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பணம்தான். மூன்று கிலோவாட் பேனலுக்கு மொட்டைமாடியில் முந்நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தென்னை மர நிழல், பக்கத்து வீட்டு மேல்தொட்டி நிழல், உங்கள் சொந்த மாடிப்படிக் கூண்டின் நிழல் எல்லாவற்றையும் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை ஒரு நாள் நின்று பாருங்கள். பேனல் தெற்குப் பார்த்துக் கொஞ்சமாகச் சாய்ந்தால் போதும். சித்திரை பிறக்கும்போதே சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட்டுக்குப் பக்கம். 1,150-இல் அதைக் கழித்தால் 450. எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வந்த பில், நீங்கள் பயப்படாத எண்ணுக்கு இறங்கிவிடும். பேனல் போட்ட இடத்தில் தளத்துக்கு நிழலும் ஆயிற்று. மொத்தச் செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி வரும், மானியம் போக ஒன்றேகால் லட்சம் என்று வையுங்கள். அந்த டீலரின் ஹீட் பம்ப்பைவிடக் குறைவு.

இதற்கும் விண்ணப்பம் தேசிய இணையதளத்தில், உங்கள் ஈபி இணைப்பு எண்ணைக் கொடுத்துத்தான். பதிவுபெற்ற நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பேனல் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. விலை மலிவு என்று வேறு பேனலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை. பேனல் பொருத்தி, நீங்கள் ஈபிக்குக் கொடுத்ததையும் அங்கிருந்து எடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு மானியம் நேராக விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு வரும். லெஸ்டர் மாதிரி பில்லில் கழிப்பது இங்கே இல்லை. முதலில் முழுப் பணத்தையும் நீங்கள் போட வேண்டும், இல்லையென்றால் இதற்கென்றே தருகிற வங்கிக் கடனை வாங்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் மாமனார் குறுக்கே நிற்கிறார். இணைப்பு அவர் பெயரில் இருக்கும்வரை உங்களால் விண்ணப்பிக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றை வைத்து முதலில் சார் பெயருக்கோ மாமியார் பெயருக்கோ இணைப்பை மாற்றுங்கள். யார் பெயருக்கு என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகே ஈபி ஆபீஸுக்குப் போங்கள். நாத்தனார், கொழுந்தனார் வெளியூரில் இருந்தால் கையெழுத்து வாங்கவே ஒரு மாதம் ஓடிவிடும்.

ஹீட் பம்ப்புக்கு நான் எதிரி என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். கோச்சடைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன். அறுபது பேர், எல்லாரும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் குளிப்பார்கள், வருஷத்தில் எட்டு மாதம் வெந்நீர் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இருபது யூனிட் மிச்சமாகிற இடம் அது, போட்ட காசு சீக்கிரமே வந்துவிடும். நர்சிங் ஹோம், லாட்ஜ், கொடைக்கானலில் யாராவது அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டாலும் யோசிக்காமல் வைக்கச் சொல்வேன்.

ஏசிகள் இரண்டும் எந்த வருஷம் வாங்கியவை என்று நீங்கள் எழுதவில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டார் ஸ்டிக்கரில் வருஷமும் யூனிட் அளவும் அச்சடித்திருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பேனல் போடுவதற்கு முன் அதில் ஒன்றையாவது மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.